ஜெயசுதா வண்டி கலகலத்த பதினாறு நாள்

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, மேல்சோலை பஜார் டாக்சி ஸ்டாண்டின் ஒரே பெண் டிரைவரான ஜெயசுதா தன் வெள்ளைக் காரில் சாவியைத் திருகியதும், இஞ்சினுக்குள் இருந்து கலகலகலவென்று, பித்தளைச் சொம்பில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம் சரியாக மூன்று நொடி கேட்டு அடங்கியது. அது அடங்குவதற்குள், முந்தின நாள் சாயங்காலம் வந்திருக்க வேண்டிய, வராமலே போன, மண்சரிவில் மாட்டிக்கொண்டது என்று நாங்கள் எல்லாரும் கைவிட்டிருந்த பஸ், பனியை விலக்கிக்கொண்டு பஜாருக்குள் வந்து நின்றது.

பஸ்ஸில் இருந்து இறங்கியவர்களுக்கு அது இன்னும் முந்தின நாள் சாயங்காலம்தான். கண்டக்டர் இறங்கியதும் டீக்கடையைப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கு பஜ்ஜி போடலையா?" என்றார். "பஜ்ஜி நேத்தே தீந்துபோச்சு, இப்ப இட்லிதான்" என்று பதில் வந்தது. அவரும் நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். லேட்டானது வந்து சேர்ந்தது, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று நாங்களும் மூட்டைகளை இறக்கினோம்.

என் பெயர் ஞானதுரை. இந்த ஸ்டாண்டுக்குப் பதினோரு வருஷமாய் நான்தான் செயலாளர். பதினான்கு வண்டிகளையும் பதினான்கு வாய்களையும் கட்டி மேய்க்கிறவன். நடந்ததை நடந்தபடி சொல்லும் உரிமை எனக்குத்தான் இருக்கிறது. வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் அதே நேரம், அதே சாவி, அதே கலகல. அன்றைக்கு நாலு நொடி. தபால்காரர் பையைத் திறந்தால், ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருத்தருக்கு வந்திருக்க வேண்டிய வேலை உத்தரவு முத்திரை மை கூடக் காயாமல் கிடந்தது. மூன்றாம் நாள், ஆறு வயசாகியும் ஒரு சொல் பேசாதிருந்த கறிக்கடைக்காரர் மகன், வண்டி கலகலத்து முடிவதற்குள் "அப்பா, எனக்கு எலும்பு வேண்டாம்" என்று முழு வாக்கியமாய்ப் பேசினான். நாலாம் நாள், ஆடியில் புருஷனைப் பறிகொடுத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஊர் வாயில் விழுந்து புறப்பட்ட காய்கறிக் கடைக்காரம்மா, தராசைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்து மத்தியானம் வரைக்கும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி இரண்டு டீ குடித்து, "இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு" என்றாள். ஐந்தாம் நாள், மூன்று வருஷத்துக்கு முன் நான் சொன்ன ஒரு ஜோக்குக்குத் தலைமையாசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல ஜோக் அது, சொன்னபோது ஒரு ஆள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. தாமதமானது எதுவோ, அதை இந்தச் சத்தம் கூட்டிக்கொண்டு வருகிறது. எல்லாருக்கும் வரும் என்று சொல்ல முடியாது, காது கேட்கும் தூரத்தில் நூறு பேர் இருந்தால் பத்துப் பேருக்கு வரும். பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றால் அநேகமாய் வந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதாதா எங்கள் ஜனங்களுக்கு? ஆறாம் நாள் காலை ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. நாள் தள்ளிப்போன சினைமாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், பன்னிரண்டு வயசாகியும் முன்பல் முளைக்காத பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வரன் தகையாத பெண்களை அம்மாக்கள் பட்டுப்பாவாடை கட்டி அழைத்து வந்தார்கள், பாடம் முடியாத பத்தாம் வகுப்பை வரிசையாய் நிறுத்தித் தலைமையாசிரியரே கூட்டிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு வாங்கிய துணியை இன்னும் தைத்துத் தராத டெய்லர் மட்டும் ஸ்டாண்டுப் பக்கமே தலைகாட்டாமல் சந்துக்குள் ஒளிந்து திரிந்தார்.

கூட்டம் என்றால் ஒழுங்கு வேண்டும், ஒழுங்கு என்றால் நான் வேண்டும். பழைய ட்ரிப் ஷீட்டுகளைக் கிழித்து, பின்பக்கம் எண் போட்டு, கையெழுத்துப் போட்டு டோக்கன் கொடுத்தேன். ஒரு காலைக்குப் பன்னிரண்டு பேர் பானெட்டைத் தொடலாம். வர வேண்டியது எதுவோ அது தாமதமாகியிருந்தால் மட்டும்தான் டோக்கன், ஆசைப்பட்டதற்கெல்லாம் கிடையாது. லாட்டரி விழவில்லை என்று ஒருத்தன் வந்தான். "அது உனக்கு வர வேண்டியதுன்னு எவன்டா உங்கிட்ட சொன்னது?" என்று விரட்டிவிட்டேன். மாதா கோயில் ஃபாதர் இது பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி, ஆத்தா சலங்கை கட்டி ஆடுகிறாள் என்று பானெட்டில் மஞ்சள் பூசிவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், சண்டை ஒன்றும் வரவில்லை.

என்னிடமும் ஒரு டோக்கன் இருந்தது. என் மனைவி ஸ்டெல்லா ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு வாரத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனவள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவள் மனம் நோக நான் சொன்ன வார்த்தை அப்படி. செயலாளரே முதல் டோக்கனை எடுத்துக்கொண்டால் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்கள் என்று கௌரவம் பார்த்து, நூற்று முப்பத்து மூன்றாம் எண்ணை எனக்கு எழுதிக்கொண்டேன். கணக்குப்படி பதினேழாம் நாள் காலை என் முறை.

ஜெயசுதாவிடம் கேட்டேன், "ஏம்மா, ஊருக்கெல்லாம் வருது, உனக்கு என்னம்மா வரணும்?"

"எனக்கு ஒண்ணும் லேட் இல்லண்ணே" என்று சிரித்தாள். "எல்லாம் நேரத்துக்கு நடந்துக்கிட்டிருக்கு."

சிரிக்கிற ஆள்தான். புருஷன் விட்டுவிட்டுப் போனபோதும், அந்த வண்டியை வாங்கி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டப் பழகியபோதும் சிரித்துக்கொண்டே இருந்தவள். ஓடைக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் பத்தாம் லைனில் அவள் வீடு. வீடு வரைக்கும் ரோடு இல்லாததால் வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும். ஒரே மகள் பூவிழி. பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு, மாசத்துக்கு இரண்டு தடவை கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஓட்டத்தில் வண்டிக்கு ஆயில் மாற்றுவது இந்த மாசம் அடுத்த மாசம் என்று தள்ளித் தள்ளிப் போனது. பூவிழியின் உடம்பைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஜெயசுதாவுக்குப் பிடிக்காது என்று தெரியும், அதனால் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் காலை காஜா பாய் வந்தார். ஓடையும் பத்தாம் லைனும் தாண்டி மேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பத்து மணிக்கு முன்னால் பஜாருக்கு வராத மனுஷன், அதனால் அதுவரை சத்தத்தைக் கேட்டதில்லை. வண்டி ஏழு நொடி கலகலத்தது. கூட்டம் கைகூப்பி நின்றது. காஜா பாய் மட்டும் டீக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபடியே நின்றுவிட்டார்.

"யாருப்பா இது, இந்தச் சத்தத்தோட வண்டியை ஓட்டுறது?"

"பாய், மெதுவாப் பேசுங்க, சாமி விஷயம்" என்றேன்.

"சாமியாவது! உள்ள டைமிங் செயின் தொங்கிப்போய் அடிச்சுக்கிட்டுக் கிடக்கு."

யாரையும் கேட்காமல் பானெட்டைத் திறந்தார். ஆயில் கம்பியை உருவி, கறுத்துப்போன ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் காட்டினார். பொடிப் பொடியாய் மினுக்கியது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜெயசுதா, இங்க வாம்மா. இஞ்சினுக்குள்ள கீழ ஒரு தண்டு, மேல ஒரு தண்டு. கீழ இருக்கிறது பிஸ்டனை ஏத்தி இறக்குது. மேல இருக்கிறது வால்வைத் திறந்து மூடுது. பிஸ்டன் மேல வர்ற நேரம் வால்வு ஒதுங்கி வழி விடணும். ரெண்டுக்கும் நேரம் பிசகாமப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது ஒரே ஒரு செயின். அது நீண்டுபோச்சு. ஒரு பல் தாண்டுச்சுன்னா இஞ்சின் திக்கும், இழுவை போயிரும். ரெண்டு மூணு பல் தாண்டுச்சுன்னா பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். இஞ்சின் செத்துரும்."

"சூடானா அடங்கிருது பாய்."

"அடங்கும். ஆயில் ஏறி டென்ஷனரைத் தள்ளிச்சுன்னா செயின் இறுகிக்கும், சத்தம் நின்னுரும். அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. காலைல மட்டும் கேக்குதுன்னா அதுதான் மொத எச்சரிக்கை. சத்தம் நாளுக்கு நாள் நீளுதுன்னா, செயின் நாளுக்கு நாள் நீளுதுன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாய், உங்களுக்கு ரெண்டு மாசமா வேலை இல்லைங்கிறதுக்காக ஊர் நல்லதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். கூட்டமும் கூடவே கத்தியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீயைக் குடிக்காமலே போனார். "பொங்கல் வரைக்கும் ஓட்டிக்கிறேன் பாய்" என்று ஜெயசுதா பின்னாலேயே குரல் கொடுத்தாள். நான் அன்றைக்குப் பேசியதை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாங்களோ சத்தம் நீள நீளச் சந்தோஷப்பட்டோம். எட்டு நொடி, ஒன்பது நொடி, பத்து நொடி. முதல் நாள் ஸ்டாண்டில் மட்டும் கேட்டது, ஐந்தாம் நாள் பஜார் முழுக்க, பத்தாம் நாள் மாதா கோயில் மேடு வரை. எங்கே வரைக்கும் கேட்கிறது என்று பார்க்க நானே ஆள் நிறுத்தி, டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவைத்தேன். வளைவு ஏறும்போது வண்டி திக்கித் திணறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்து அணையவே இல்லை. அது கண்ணைக் கூசுகிறது என்று ஜெயசுதா அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள், மறுநாளே நாலு பொம்பளைகள் அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பதினைந்தாம் நாள், தொண்ணூற்றேழு வயசான சவரிமுத்து தாத்தா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். அவர் பெற்ற பிள்ளைகளே கிழவர்களாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மருமகள் மார்த்தா அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். தாத்தா தனக்கு ஒரு டோக்கன் வேண்டும் என்றார்.

"உங்களுக்கு என்ன தாத்தா லேட்?"

"ஏலே, தெரிஞ்சுக்கிட்டே கேக்கியா?"

மார்த்தா அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டாண்டில் வந்து சொன்னேன், அரை நாள் பேசினோம். அவருக்கு வர வேண்டியதுதானே, தாமதம்தானே, சட்டப்படி டோக்கன் கொடுக்கத்தானே வேண்டும் என்று முடிவானது. சட்டம் நான் போட்டதுதான்.

பதினாறாம் நாள் காலை அவரைக் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டி கட்டி, நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். பானெட்டில் கையை வைத்தார். ஜெயசுதா சாவியைத் திருகினாள். கலகலகலவென்று பதினோரு நொடி. எட்டாவது நொடியிலோ ஒன்பதாவது நொடியிலோ தாத்தா நிமிர்ந்து, தனக்கு எதிரே யாரோ வந்து நிற்பதுபோல் பார்த்து, நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க, வாங்க, ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான். பனி அப்போதுதான் விலகியது, வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கோயிலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன், எதற்குமே போகாதவன் எல்லாரும் ரோட்டில் முழங்காலிட்டோம். பயமா என்று கேட்டால் பயம் இல்லை, உடம்பெல்லாம் புல்லரித்துப்போய், அழுகையும் சந்தோஷமுமாய், என்னவென்று சொல்லத் தெரியாமல் மண்டியிட்டிருந்தோம். மார்த்தா அக்காதான் முதலில் எழுந்து அவர் கண்ணை மூடிவிட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது ஜெயசுதா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, சத்தம் இப்ப எதுவரைக்கும் கேக்குது?"

நான் பெருமையாய்ப் பலகையைக் காட்டினேன். "இன்னைக்கு ஓடைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்மா! இந்த வேகத்துல போனா நாளைக்கு உங்க பத்தாம் லைனுக்கே கேக்கும் பாரு."

அவள் அன்றைக்கு வந்த சவாரியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, ஓடைப் பாலத்தைத் தாண்டி காஜா பாய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள், நடக்கவில்லை, ஓடினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஓடியதை பஜாரே பார்த்தது.

மறுநாள், அதாவது என் முறை வந்த பதினேழாம் நாள், நான் குளித்து, சட்டை தேய்த்துப் போட்டு, ஸ்டெல்லா வந்தால் உட்கார என் வண்டியின் முன்சீட்டைத் துடைத்துவைத்து, கையில் டோக்கனோடு நிற்கிறேன். ஜெயசுதா வந்தாள். சாவியைத் திருகவில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விட்டு, இறங்கி, ஒற்றை ஆளாய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பாய்கிட்ட கொண்டுபோறேன். ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னுட்டார்."

ஐயோ, அப்போது எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் இருநூறு டோக்கன் பாக்கி இருக்கிறது, இவள் பாட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நியாயம், வண்டி அவளுடையதாக இருக்கலாம், சத்தம் ஊருடையது. எல்லாரையும்விட அதிகமாய்க் கத்தியவன் நான்தான். வண்டிக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரே ஒரு நாள்மா. இன்னைக்கு மட்டும் ஸ்டார்ட் பண்ணு. எனக்கு ஆறு வருஷம்மா! ஆறு வருஷம் லேட்டு, உனக்குத் தெரியாதா?"

ஜெயசுதா வண்டியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எம் புள்ளை ஏழு வருஷம் லேட்டுண்ணே."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ரெண்டு வயசு தாண்டாதுன்னு சொல்லித்தான் டாக்டர் குடுத்தார். தாண்டிருச்சு. அவளுக்கு எத்தனை வயசுன்னு நான் ஒரு தடவை கூட வாயால சொன்னதில்லை. பொறந்தநாளுக்கு ஒரு மிட்டாய் வாங்கினதில்லை. அவளுக்கே தெரியாது. கணக்கு வச்சா யாருக்காவது ஞாபகம் வந்துருமோன்னு..." மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "நேத்து தாத்தாவுக்கு வந்ததைப் பாத்தேன்ல" என்றாள்.

நானல்லவா தினமும் பலகையில் எழுதி, சத்தம் அந்தக் குழந்தையின் வீட்டை நெருங்குகிறது என்று கைதட்டியவன்! கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் படுத்திருப்பவர்களை, வலிப்பு வந்து பிழைத்த பிள்ளைகளை, ஆபரேஷனில் தப்பித்த அம்மாக்களை அவரவர் நினைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நான் எழுந்தேன். வண்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தேன்.

பிறகு நடந்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். வரன் வராத பெண்கள் தள்ளினார்கள், அவர்களைக் கூட்டி வந்த அம்மாக்கள் தள்ளினார்கள், மூன்று வருஷமாய் மகனுடைய ஒரு ஃபோனுக்காகக் காத்திருந்த ரேஷன் கடைக்காரர் தள்ளினார், மன்னிப்புக் கேட்க வேண்டிய அண்ணனும் கேட்கப்பட வேண்டிய தம்பியும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துத் தள்ளினார்கள், ஃபாதர் அங்கியை மடித்துக் கட்டினார், பூசாரி வேட்டியை மடித்துக் கட்டினார், சந்துக்குள் ஒளிந்திருந்த டெய்லர் கூட வெளியே வந்து தோள் கொடுத்தார், பஜார் இறக்கத்தில் வண்டி ஓடிவிடாமல் முன்னால் நின்று தாங்கினோம், ஓடைப் பாலத்தில் மூச்சு வாங்கினோம், மேட்டில் ஐலசா போட்டு ஏற்றினோம், டோக்கன்கள் கையில் இருந்து நழுவி ரோட்டில் விழுந்தன, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

பத்தாம் லைன் பக்கம் வரும்போது பூவிழி பள்ளிக்கூடப் பையோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். ஒல்லியாய், உதடு கொஞ்சம் நீலமாய், கண் மட்டும் பெரிதாய். "அம்மா, எதுக்கு எல்லாரும் நம்ம வண்டியைத் தள்றாங்க?" என்றாள். "வண்டிக்கு உடம்பு சரியில்லடி" என்றாள் ஜெயசுதா. குழந்தை வந்து பின்பக்கக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அவள் தள்ளியது எறும்பு தள்ளியது மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த மேடு எங்களுக்கு மேடாகவே தெரியவில்லை.

காஜா பாய் என்னைப் பார்த்ததும் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஜாக்கியைப் பிடி" என்றார், பிடித்தேன். அன்று சாயங்காலம் இஞ்சினின் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே செயின் தொளதொளவென்று தொங்கியது. அது ஓட வேண்டிய பிளாஸ்டிக் தடம் உடைந்து, துண்டுகள் ஆயில் தொட்டிக்குள் கிடந்தன. "இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா வண்டி ஏதாவது வளைவுல நின்னுருக்கும்" என்றார். செயினை மட்டும் மாற்றினால் போதாது, தடம், டென்ஷனர், பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒரே செட்டாய் மாற்ற வேண்டும் என்று கோயமுத்தூருக்குச் சொல்லி மறுநாள் பஸ்ஸில் வரவழைத்தார். அது நேரத்துக்கே வந்தது. பத்தொன்பதாம் நாள் காலை, மேல் சக்கரத்தின் புள்ளியும் கீழ்ச் சக்கரத்தின் புள்ளியும் செயினில் இருந்த நிறம் மாறிய கண்ணிகளோடு நேராய் வரும்படி வைத்து மாட்டினார். ஸ்பேனரை வைத்துக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். வாசலில் நின்ற ஊர் மொத்தமும் அந்த இரண்டு சுற்றுக்கும் மூச்சு விடவில்லை. எங்கும் இடிக்கவில்லை. புள்ளிகள் திரும்பவும் நேராய் வந்து நின்றன.

ஆயிலை ஊற்றி முடித்ததும் காஜா பாய் கையைத் துடைத்துக்கொண்டு ஜெயசுதாவைத் தனியாய்க் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லணும்மா. டென்ஷனர் புதுசு. அதுல ஆயில் போய் நிறைஞ்சாத்தான் செயின் இறுகும். மொத தடவை ஸ்டார்ட் பண்றப்ப ஒண்ணு ரெண்டு நொடி சத்தம் வரும். அதை என்னால தடுக்க முடியாது. அதுக்கப்புறம் வராது."

அந்த இரண்டு நொடிக்காக மேல்சோலை காலியானது. படுத்தவர்களை நாற்காலியில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு, ஜனங்கள் காது கேட்காத தூரத்துக்குப் போனார்கள். என்ன வரும் என்று தெரியாதபோது யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காஜா பாய் என் தோளைத் தொட்டார். "துரை, நீ நில்லு. உனக்கு வர வேண்டியது என்னன்னு உனக்குத் தெரியும். கை வச்சுக்கோ, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பெரிய மனசு அவருக்கு. நான் பானெட்டைப் பார்த்தேன். ஸ்டெல்லா கையில் பையோடு ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்பது கண்ணுக்கு முன்னால் அப்படியே தெரிந்தது.

ஜெயசுதா சொன்னாள், "அண்ணே, சாவியை நான்தான் திருகணும். எம் வண்டி. பூவிழியை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா? ரொம்ப தூரம் போயிருங்க."

நான் டோக்கனைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழந்தையை என் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்தேன்.

நாற்பது வளைவில் பாதிக்கு மேல் இறங்கி, பள்ளத்தாக்கு முழுசாய்த் தெரியும் ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்துவிட்டு, ஃபோனை டேஷ்போர்டில் வைத்தேன். ஒரு கண் ஃபோனில், ஒரு கண் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதில். ஏறுகிறது. இறங்குகிறது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாய் எதையும் பார்த்ததில்லை. அவள் ஒரு தடவை கண்ணை மூடினாள், எனக்கு உயிரே போய்விட்டது. "பூவிழி!" என்று கத்திவிட்டேன்.

"என்ன மாமா? வெயில் கண்ணுல படுது."

"ஒண்ணும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் குரங்குகளைப் பார்த்தாள். பிறகு, "மாமா, ஒண்ணு கேக்கவா? அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

"கேளு."

"எனக்கு என்ன வயசு? ஸ்கூல்ல எல்லாருக்கும் வயசு இருக்கு. என் வயசைக் கேட்டா டீச்சர் பேச்சை மாத்துறாங்க. அம்மாகிட்ட கேட்டா அழுறாங்க."

சொல்லலாமா, அந்த நேரத்தில் அந்த எண்ணைச் சொன்னால் கேட்கக் கூடாத எதன் காதிலாவது விழுந்துவிடுமா என்று ஒரு பக்கம் பயம். பெரிய செயலாளர், வாய்ச்சவடால் பேர்வழி, ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது ஃபோன் அடித்தது. ஒருமுறை கீழே போட்டு எடுத்தேன். காஜா பாய்.

"துரை, முடிஞ்சுது. ஒன்றரை நொடிதான். இப்ப இஞ்சின் ஓடுதா இல்லையான்னு கை வச்சுப் பாத்தாத்தான் தெரியும், அவ்வளவு அமைதி. பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய். நல்லா இருக்கு. ஜெயசுதாகிட்ட குடுங்க."

அந்தப் பக்கம் கார்க் கதவை மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் பயந்துவிட்டேன்.

"குடுக்க முடியாது" என்றார் காஜா பாய், மெல்ல, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல். "அந்தப் பொண்ணு தூங்குது. சாவியைத் திருகின கையோட, ஸ்டியரிங்ல தலையைச் சாச்சு, சின்னப் பிள்ளை மாதிரி தூங்குது. எத்தனை வருஷத் தூக்கமோ. எழுப்ப எனக்கு மனசு வரலை. நீங்க மெதுவாவே வாங்க."

ஃபோனை வைத்தேன். நாற்பத்தெட்டு வயசுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். குழந்தை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேள்வியை விடவில்லை.

"ஒம்பது" என்றேன். "உனக்கு ஒம்பது வயசும்மா. தை மாசம் வந்தா பத்து."

"பத்தா!"

அவள் கண்ணாடியை முழுசாய் இறக்கினாள். பாதி உடம்பை வெளியே நீட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "எனக்கு ஒம்பது வயசு!" என்று கத்தினாள். ஊரே ஏழு வருஷம் நாக்குக்குக் கீழே ஒளித்துவைத்திருந்த எண். அவள் வாயைப் பொத்த என் கை தானாய் எழுந்தது. எதிர் மலை அதை வாங்கி, ஒம்பது வயசு, ஒம்பது வயசு என்று திருப்பித் திருப்பிச் சொன்னது. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை கத்தவா மாமா?"

"கத்துடி" என்றேன். "நல்லா கத்து."